எட்டு பழைய கார்டன் டிராக்டர்கள், ஒரு மண்தரைக் கொட்டகை, வரப்போகும் குளிர்காலம்

கேள்வி: ஒஹையோவில் இரண்டு ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கியிருக்கிறோம். முன்பு குடியிருந்த பெரியவர் கொட்டகையையும் அதிலிருந்த எட்டு பழைய கார்டன் டிராக்டர்களையும் (தோட்ட வேலைக்கான சிறு டிராக்டர்கள்) சேர்த்தே கொடுத்துவிட்டார். கப் கேடட் 102, 125, 149, ஜான் டியர் 110 இரண்டு, வீல் ஹார்ஸ் சி-120, ஒரு போலன்ஸ், நடந்தபடி ஓட்டும் கிரேவ்லி ஒன்று. ஆறு வண்டிகள் ஓடுகின்றன. கொட்டகைத் தரை வெறும் மண். குளிர்காலத்துக்கு முன் என்ன செய்ய வேண்டும்? மாதம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைத்தால் போதுமா? துரு தெரியும் இடங்களில் பெயின்ட் அடிக்கலாமா? எட்டையும் வைத்துக்கொள்வது சரியா?

பதில்:

முதலில் அந்த "மாதம் ஒருமுறை ஸ்டார்ட்" யோசனையைக் கைவிட்டுவிடுங்கள். பலரும் நல்லது என்று நினைத்துச் செய்வது இது. இன்ஜினுக்குக் கெடுதல்தான் அதிகம். ஒரு காலன் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு காலன் தண்ணீர் நீராவியாக வெளியே வரும். அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலில் சேரும். இன்ஜின் நன்றாகச் சூடேறி அரை மணி நேரம் வேலை செய்தால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். ஜனவரிக் குளிரில் ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் ஈரமெல்லாம் உள்ளேயே தங்கும். ஆயில் நிரப்பும் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள்: மோர் நிறத்தில் பிசுபிசுப்பாக ஏதாவது ஒட்டியிருந்தால் அது இப்படிச் சேர்ந்த தண்ணீர்தான். ஓட்டினால் முழுதாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள். இல்லையென்றால் முறையாக உறங்க வைத்து வசந்தம் வரை தொடாதீர்கள்.

இந்த வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொது எதிரி தண்ணீர்தான். வேலை செய்து தேய்ந்த கார்டன் டிராக்டர்களைவிட, நின்ற இடத்திலேயே துருப்பிடித்து வீணானவை அதிகம். காற்றிலும் தரையிலும் பெட்ரோலிலும் கியர் பாக்ஸிலும் டயருக்குள்ளும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துப் பார்த்து அடைப்பதுதான் பராமரிப்பில் முக்கால் பங்கு.

உங்கள் கையில் இருப்பது என்ன என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவை இன்று கடையில் கிடைக்கும் புல்வெட்டி வண்டிகள் மாதிரி அல்ல. கப் கேடட்டை இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1961-ல் கென்டக்கி மாநிலம் லூயிவில் ஆலையில் செய்யத் தொடங்கியது. பெரிய பண்ணை டிராக்டர் செய்தவர்கள் என்பதால் பெல்ட் இல்லாமல் ஷாஃப்ட் வழியாகவே பின்சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோனார்கள். 1981-ல் அந்தப் பிரிவு எம்டிடி நிறுவனத்துக்குப் போனது. உங்களுடைய மூன்றும் அதற்கு முந்தைய காலத்தவை. ஜான் டியர் 110 என்பது அந்த நிறுவனத்தின் முதல் கார்டன் டிராக்டர், 1963-ல் விஸ்கான்சின் மாநிலம் ஹோரிக்கனில் பிறந்தது. வீல் ஹார்ஸ் இந்தியானாவின் சவுத் பெண்ட் ஊர். பாண்ட் குடும்பத்தினர் ஆரம்பித்தது. 1974-ல் அமெரிக்கன் மோட்டார்ஸ் கைக்கும் 1986-ல் டோரோ கைக்கும் மாறியது. போலன்ஸ் மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள போர்ட் வாஷிங்டன். அதே சின்ன ஊரில்தான் சிம்ப்ளிசிட்டி என்ற இன்னொரு டிராக்டர் நிறுவனமும் இருந்தது. கிரேவ்லி மேற்கு வர்ஜீனியாவின் டன்பார். அதைக் கண்டுபிடித்த பெஞ்சமின் கிரேவ்லி தொழிலால் புகைப்படக்காரர்.

கப் கேடட், டியர், வீல் ஹார்ஸ் ஆகியவற்றில் கோலர் நிறுவனத்தின் கே வரிசை ஒற்றை சிலிண்டர் வார்ப்பிரும்பு இன்ஜின்தான் இருக்கும். கே241 என்றால் 10 குதிரைத்திறன், கே301 என்றால் 12, கே321 என்றால் 14, கே341 என்றால் 16. உங்கள் சேகரிப்பில் இது பெரிய வசதி. ஒரே வகை பாயிண்ட் (பிளக்குக்குத் தீப்பொறி வரவைக்கும் சிறு தொடுமுனை), ஒரே வகை ஆயில் வாங்கி வைத்தால் இந்த ஆறு வண்டிகளுக்கும் ஆகும்.

இனி கொட்டகை. மண்தரைதான் உங்களுக்கு முதல் வேலை. மண் ஆண்டு முழுக்க ஈரத்தை மேலே விட்டுக்கொண்டே இருக்கும். தகரக் கூரையில் அது நீராகப் படிந்து வண்டிமேல் சொட்டும். கான்கிரீட் போட இப்போது பணம் இல்லையென்றால் 6 மில் தடிமன் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பாலித்தீன் விரிப்பை ஓரங்கள் ஓரடி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, அதன்மேல் பிளைவுட்டோ, குதிரைக் கொட்டிலில் போடும் தடித்த ரப்பர் பாயோ போடுங்கள். ஒரே வார இறுதியில் முடிந்துவிடும். வித்தியாசம் அடுத்த மாதமே தெரியும். பிறகு கான்கிரீட் போடும்போதும் அடியில் அந்த பாலித்தீன் விரிப்பு இருக்க வேண்டும். அது இல்லாத கான்கிரீட்டும் ஈரத்தை மேலே விடும்.

ஒஹையோ பக்கம் வண்டிகள் அதிகம் துருப்பிடிப்பது ஜனவரியில் அல்ல, மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும். முந்நூறு கிலோ இரும்பு குளிர்காலம் முழுக்கக் குளிர்ந்து கிடக்கும். திடீரென்று ஒருநாள் தெற்கிலிருந்து இளஞ்சூடான ஈரக்காற்று வரும். மனிதர்களுக்குச் சுகமான நாள். கொட்டகைக் கதவைத் திறந்துவிடத் தோன்றும். திறந்தால் ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு மாதிரி ஒவ்வொரு வண்டியும் வேர்த்துவிடும். வெளியே துடைத்துவிடலாம்; சிலிண்டருக்குள்ளும் பாயிண்ட் பெட்டிக்குள்ளும் பேரிங் மேலும் வேர்ப்பதை யார் துடைப்பது? அதனால் முதல் வெப்ப நாட்களில் கதவை மூடியே வையுங்கள். உள்ளே ஒரு சாதாரண மின்விசிறி ஓடட்டும். காற்று நகர்ந்தால் இரும்பு சீக்கிரம் சூட்டுக்கு வந்துவிடும். வெயில் ஏறிக் காற்று காய்ந்த பிறகு திறக்கலாம். மின்சார வசதி இருந்தால் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வாங்கி, ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி வைப்பது எல்லாவற்றிலும் சிறந்த செலவு. ஆனால் சாதாரண வகைகள் கடுங்குளிரில் வேலை செய்யாது; வசந்தமும் கோடையும்தான் அவற்றின் பருவம்.

கொட்டகையைச் சூடாக்கப் புகைபோக்கி இல்லாத புரொப்பேன் ஹீட்டரை வைத்துவிடாதீர்கள். ஒரு காலன் புரொப்பேன் எரிந்தால் முக்கால் காலனுக்கும் அதிகமான தண்ணீர் காற்றில் கலக்கும். சூடு வருகிறது என்று நினைத்து ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறோம். கார்பன் மோனாக்ஸைடு ஆபத்து வேறு.

பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டுவதும் இதே தப்புதான். கீழிருந்து வரும் ஈரம் அடியிலேயே மாட்டிக்கொள்ளும். பழைய பருத்திப் படுக்கைவிரிப்பு போதும். தூசும் பறவை எச்சமும் படாமல் காக்கும், காற்றும் போய்வரும்.

எலித் தொல்லையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கோலர் இன்ஜினில் ஃப்ளைவீலை (இன்ஜின் தண்டோடு சுற்றும் கனமான சக்கரம்) சுற்றியுள்ள தகர மூடிக்குள் குளிர்காலத்தில் எலி கூடுகட்டும். வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. வசந்தத்தில் ஸ்டார்ட் செய்தால் வண்டி நன்றாகவே ஓடும். ஆனால் குளிர்விக்கும் காற்று போகும் வழி பஞ்சும் புல்லுமாக அடைந்திருப்பதால் முதல் நாள் புல்வெட்டிலேயே சிலிண்டர் காய்ந்து பிஸ்டன் கீறிவிடும். சைலன்சர் வாயையும் காற்று வடிகட்டியின் வாயையும் எஃகு நாரால் அடைத்து, ஸ்டீயரிங்கில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டுங்கள், எடுக்க மறக்காமல் இருக்க. எலிப்பொறிகளைச் சுவரோரம் வையுங்கள். நாப்தலீன் உருண்டையை நம்ப வேண்டாம். பழைய கூட்டை எடுக்கும்போது உலர்ந்த நிலையில் பெருக்கவோ காற்றடித்து ஊதவோ கூடாது. மான் எலியின் எச்சத் தூசியிலிருந்து ஹான்டா வைரஸ் மூச்சுக்குள் போகலாம். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனையத் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கையுறை போட்டு ஈரமாகவே அள்ளுங்கள்.

அடுத்து பெட்ரோல். பெட்ரோல் பங்கில் கிடைப்பது பெரும்பாலும் 10 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனால் தண்ணீரை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். ஒரு காலனுக்கு நான்கு தேக்கரண்டி அளவுக்கு மேல் தாங்காது. குளிர்ந்தால் இன்னும் குறைவாகத்தான் தாங்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் ஒன்றாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். கார்புரேட்டர் முதலில் உறிஞ்சுவது அந்த அடிமட்டத்தைத்தான். கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் வெள்ளைத் தூளும் பச்சைக் கறையும் படிவது இதனால். படகுத்துறைப் பக்கத்துப் பங்குகளிலும் கிராமத்துப் பங்குகள் சிலவற்றிலும் எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைக்கும். இந்த வண்டிகளுக்கு ஆண்டு முழுக்கவே அதை ஊற்றுங்கள். குளிர்காலத்துக்கு முன் ஸ்டா-பில் போன்ற நிலைப்படுத்தியைச் சேர்த்து, டேங்க்கை நிரப்பி, பத்து நிமிடம் ஓட்டுங்கள். மருந்து கலந்த பெட்ரோல் கார்புரேட்டர் வரை வந்தாக வேண்டும். பிறகு பெட்ரோல் குழாயை மூடி இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். நின்ற பிறகும் கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அடித் திருகைக் கழற்றி அதையும் வடித்துவிட்டால் வசந்தத்தில் கார்புரேட்டரைப் பிரிக்கும் வேலையே வராது.

ஆண்டுக்கு ஓரிரு மணி நேரம் மட்டுமே ஓடப்போகும் வண்டிகளில் இரும்பு டேங்க்கை முழுதாக வடித்து உலர்த்தி, உள்ளே கொஞ்சம் ஆயில் சுழற்றி விடுவது இன்னும் நல்லது. அரைகுறையாக நிரம்பிய டேங்க்தான் மோசம். காலியாக இருக்கும் பாகத்தின் சுவரில்தான் ஈரம் படிந்து துரு உதிரும்.

இன்ஜின் ஆயிலை வசந்தத்தில் மாற்றுவோம் என்று தள்ளிப்போடாதீர்கள். ஓடித் தேய்ந்த ஆயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும். அது ஆறு மாதம் பேரிங்கைச் சுற்றி நிற்கக் கூடாது. சூடாக இருக்கும்போதே வடித்து, புதிய எஸ்ஏஇ 30 ஊற்றி, ஐந்து நிமிடம் ஓட்டி எல்லா இடத்திலும் படியவிடுங்கள். பெட்ரோல் மருந்து கலந்து ஓட்டும் அதே நாளில் இதையும் முடித்துவிடலாம்.

அதன் பிறகு செய்ய வேண்டியதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் இடம் இது. பிளக்கைக் கழற்றி ஒரு மேசைக்கரண்டி ஆயிலை உள்ளே ஊற்றுங்கள். பிளக் வயரைத் தனியே ஒதுக்கிவிட்டு ஃப்ளைவீலைக் கையால் இரண்டு மூன்று சுற்று சுற்றினால் ஆயில் சிலிண்டர் சுவரில் பரவும். இப்போது பிளக் துளையைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு கட்டத்தில் காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். பிஸ்டன் அழுத்தும் சுற்றில் மேலே ஏறுகிறது என்று அர்த்தம். ஃப்ளைவீல் மேல் 'டி' என்று ஒரு குறி இருக்கும், பக்கத்தில் 'எஸ்' என்று இன்னொன்று. 'எஸ்' என்பது தீப்பொறி விழும் இடம், 'டி' என்பது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம். 'டி' பார்க்கும் துளைக்கு நேரே வந்ததும் நிறுத்திவிடுங்கள். அந்த நிலையில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். சைலன்சர் வழியாக வரும் ஈரக்காற்று சிலிண்டருக்குள் போகாது. கே வரிசையில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் தலைகீழாக நிற்பவை. திறந்தபடியே நின்றுவிட்டால் வால்வுத் தண்டு துருவேறி இறுகிக்கொள்ளும். "சுற்றுகிறது, ஆனால் அழுத்தமே இல்லை" என்று விற்பனைக்கு வரும் வண்டிகளில் நிறையவற்றின் கதை இதுதான். ஓடாமல் இருக்கும் உங்கள் இரண்டிலும் முதலில் இதைத்தான் பாருங்கள்: ஹெட்டைக் கழற்றி, வால்வுத் தண்டில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவையுங்கள். சுத்தியலால் அடிக்க வேண்டாம்.

பின்பக்க கியர் பாக்ஸில் தண்ணீர் சேர்வது பலருக்கும் தெரியாது. கியர் நெம்புகோல் இறங்கும் இடத்து ரப்பர் கிழிந்திருந்தால் மழை நீரும் கழுவும் நீரும் உள்ளே போகும். வீல் ஹார்ஸில் இது நிறைய. தண்ணீர் அடியில் தேங்கி உறைந்தால் வார்ப்பிரும்புப் பெட்டியே வெடித்துவிடும். குளிர்காலத்துக்கு முன் எல்லா வண்டியிலும் வடிகால் திருகைக் கொஞ்சம் இளக்கி முதல் சொட்டைப் பாருங்கள். தெளிந்த தண்ணீரோ, பால் நிறமோ வந்தால் முழுதாக மாற்ற வேண்டும். கப் கேடட் மூன்றுக்கும் ஹை-ட்ரான் என்ற இன்டர்நேஷனல் ஆயில்தான் ஊற்ற வேண்டும். சேரும் ஈரத்தை அடியில் தேங்கவிடாமல் தன்னோடு கலந்து வைத்துக்கொள்வதற்காகவே அதைத் தயாரித்தார்கள். 125, 149 இரண்டும் ஹைட்ரோஸ்டேடிக் வண்டிகள் (கியருக்குப் பதில் ஆயில் அழுத்தத்தால் ஓடுபவை), அவற்றில் வேறு எதையும் ஊற்றிப் பார்க்காதீர்கள். ஹைட்ரோ வண்டியை இன்ஜின் ஓடாதபோது தள்ளவும் கூடாது. முதலில் அதன் விடுவிப்பு வால்வைத் திறக்க வேண்டும். 102 கியர் வண்டி. அதன் கிளட்ச் தட்டு துருவில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, கொட்டகைப் பக்கம் போகும்போதெல்லாம் பெடலை நாலு தடவை மிதித்துவிடுங்கள்.

பேட்டரிகளைக் கழற்றி வீட்டு நிலவறையில் வையுங்கள். முழு சார்ஜில் உள்ள பேட்டரி மைனஸ் 50 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போனால்தான் உறையும். சார்ஜ் இறங்கிப்போனது மைனஸ் 7-லேயே உறைந்து பெட்டி வெடித்துவிடும். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நலம், 12.4-க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போடுங்கள். எட்டு சார்ஜர் வேண்டாம். ஒன்றையே வாரம் ஒரு பேட்டரிக்கு மாற்றினால் போதும். புதிதாக வாங்கும்போது கவனிக்க ஒன்று உண்டு. இவற்றுக்குப் போடும் யு1 அளவில் இரண்டு வகை: யு1எல், யு1ஆர். உருவம் ஒன்றேதான், பாசிட்டிவ் முனை மட்டும் பக்கம் மாறியிருக்கும். பழைய வயர் குட்டையாக இருக்கும் இடத்தில் எட்டுகிற முனையில் மாட்டிவிட்டால் சார்ஜ் செய்யும் பகுதி அந்த நொடியே போய்விடும். கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

டயருக்கு வருவோம். வண்டியின் எடை ஆறு மாதம் ஒரே இடத்தில் அழுத்தினால் டயர் தட்டையாகி, ரிம்மோடு ஒட்டும் விளிம்பு விலகிக் காற்று இறங்கும். ஜாக்கி வைத்து உயர்த்தி அச்சின் கீழே மரக்கட்டை கொடுங்கள். தரையை லேசாகத் தொட்டால் போதும். வெயில் படும் சன்னலும், ஓடும் மின்மோட்டாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. மோட்டாரின் தீப்பொறியில் உண்டாகும் ஓசோன் ரப்பரில் வெடிப்பு விழச் செய்யும். பின் டயரில் எடைக்காக கால்சியம் குளோரைடு கரைசல் நிரப்புவது அந்தக் காலத்து வழக்கம். வால்வைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பூத்திருந்தால் ரிம் உள்ளிருந்து கரைந்துகொண்டிருக்கிறது, இந்தக் குளிர்காலத்துக்குள்ளேயே அதை வடித்து ரிம்மைக் கழுவிக் காயவைக்க வேண்டும். அதற்குப் பதிலாக இப்போது பீட்ரூட் சாறு அடிப்படையிலான திரவம் கிடைக்கிறது. இரும்பை அரிக்காது, உறையவும் செய்யாது. நான் இரும்பு எடைத் தட்டுகளையே விரும்புவேன்.

இடம் பற்றி ஒரு கணக்கு. புல்வெட்டும் டெக்கை (வண்டிக்கு அடியில் கத்திகள் உள்ள பகுதி) கழற்றிவிட்டால் ஒரு வண்டிக்கு நாலடிக்கு ஆறடி போதும். இடத்தை விழுங்குவது வண்டிகள் அல்ல, அவற்றோடு வந்த டெக்கும் கலப்பையும் பனித் தள்ளியும்தான். டெக்குகளை அடிப்பக்கம் சுரண்டிக் காயவைத்து, ஃப்ளூயிட் ஃபிலிம் மாதிரி கம்பளிக் கொழுப்புப் பூச்சு அடித்து, சுவரோரம் நிமிர்த்திச் சங்கிலியால் கட்டுங்கள். வண்டிகளை எல்லாம் முகம் நடைபாதையைப் பார்த்தபடி நிறுத்துங்கள், எந்த வண்டியையும் இன்னொன்றை நகர்த்தாமல் வெளியே எடுக்க முடிய வேண்டும். எடுக்கச் சிரமமான வண்டியைத்தான் நாம் கவனிக்காமல் விடுவோம்.

தீ பற்றிச் சுருக்கமாக: எட்டு டேங்க் பெட்ரோல் ஒரு மரக் கொட்டகைக்குள். பெட்ரோல் குழாய் ஒவ்வொன்றும் மூடியிருக்கட்டும், பழைய ரப்பர் குழாய்களை இந்த ஆண்டே மாற்றுங்கள், கதவருகே ஏபிசி வகை அணைப்பான் ஒன்று மாட்டுங்கள். துருவுக்கு மேல் ஆளிவிதை எண்ணெய் தடவுவது இங்கே பழக்கம். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள், அல்லது வெளியே விரித்துக் காயவையுங்கள்.

வசந்தத்தில் எழுப்பும்போது அவசரம் வேண்டாம். எஃகு நாரை எடுத்து, ஃப்ளைவீல் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்த பிறகே பேட்டரி மாட்டுங்கள். பிளக் இல்லாமல் சில விநாடி சுற்றி ஊற்றிய ஆயிலை வெளியேற்றுங்கள். பிளக்கில் தீப்பொறி வரவில்லையென்றால் காயிலை மாற்றக் கடைக்கு ஓடாதீர்கள். பாயிண்ட் முகத்தில் மெல்லிய ஆக்சைடு படிந்திருக்கும், அவ்வளவுதான். பழுப்பு நிறக் காகித அட்டைத் துண்டு ஒன்றைப் பாயிண்ட்டுக்கு நடுவே வைத்து இழுத்தால் சரியாகிவிடும். இடைவெளி 0.020 அங்குலம், பிளக் இடைவெளி 0.035.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இன்ஜினைச் சுற்றியுள்ள தகரங்கள் எல்லாவற்றையும் கழற்றிக் குளிர்விக்கும் இதழ்களைச் சுத்தம் செய்யுங்கள். ஆயில் கசிவும் புல் தூளும் சேர்ந்து அங்கே கெட்டியாகப் படிந்திருக்கும். கே241 முதல் மேலே உள்ள இன்ஜின்கள் பலவற்றில் அதிர்வைக் குறைக்கச் சமநிலைப் பல்சக்கரங்கள் இரண்டு உள்ளே உண்டு. அவற்றைத் தாங்கும் சின்னத் தண்டு தேய்ந்து உடைந்தால் பல்சக்கரம் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். எந்தக் காரணத்துக்காக இன்ஜினைப் பிரித்தாலும் அவற்றை எடுத்துவிட்டே மூடச் சொல்லுங்கள். கொஞ்சம் அதிர்வு கூடும்; பிளாக் பிழைக்கும்.

பெயின்ட் அடிக்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. தொழிற்சாலைப் பெயின்ட் ஒருமுறைதான் இருக்கும். மங்கிப்போன மஞ்சளும் தேய்ந்த எழுத்துப் பட்டையும் அந்த வண்டி ஐம்பது அறுபது ஆண்டு என்ன வேலை செய்தது என்பதன் சாட்சி. சேகரிப்பவர்கள் அதற்குத்தான் கூடுதல் விலை தருகிறார்கள். சோப்பு நீரால் துடைத்து, நன்றாக உலர்ந்த பின் மெழுகு தேயுங்கள். உரிந்து இரும்பு தெரியும் இடத்தில் மட்டும் பூச்சு. பேட்டரி அமிலம் தின்ற தட்டு விதிவிலக்கு. அதைச் சமையல் சோடா கரைசலால் கழுவி, துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்தே ஆக வேண்டும்.

எட்டும் வேண்டுமா என்ற கேள்விக்கு: ஒவ்வொன்றையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுச் சூட்டில் வேலை வாங்க உங்களுக்கு நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். வேலை என்றால் நிஜமான வேலை. 125-க்குப் பின்னால் பிரின்லி நிறுவனத்து 10 அங்குலக் கலப்பையை மாட்டித் தோட்டத்தை உழுது பாருங்கள், இந்த வண்டிகளை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்று முதல் சாலிலேயே புரியும். அப்படி ஓட்ட நேரம் கிடைக்காத வண்டி கொஞ்சம் கொஞ்சமாக வீணாகும். அதை அக்கறையுள்ள ஒருவரிடம் கொடுப்பதே அதற்கு நல்லது. இரண்டு 110-களில் ஒன்றை விற்பதாக இருந்தால் பின் மட்கார்டைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வளைந்த மட்கார்டு என்றால் 1967 வரையிலான வண்டி, சதுரமானது அதற்குப் பிந்தையது. முந்தையதை வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் 1963-ஆம் ஆண்டு வண்டியாக இருந்தால் எந்தத் திருகையும் மாற்றாமல் அப்படியே வையுங்கள். ஆகஸ்டில் இந்தியானாவின் போர்ட்லண்டில் பழைய இன்ஜின், டிராக்டர் கண்காட்சி நடக்கும், உங்களுக்குத் தொலைவில்லை. வாங்குபவர், விற்பவர், பாகம் வைத்திருப்பவர் எல்லோரையும் அங்கே பார்க்கலாம்.

எதையும் விற்கும் முன், எந்தப் பாகமும் வாங்கும் முன், ஒரு நோட்டுப் புத்தகத்தில் வண்டிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி எண்களை எழுதுங்கள். கோலர் இன்ஜினின் தகர மூடியில் உள்ள சிறு தகட்டில் மாடல் எண், ஸ்பெக் எண், சீரியல் எண் என மூன்று இருக்கும். பாகம் கேட்கும்போது ஸ்பெக் எண்தான் முக்கியம். அறுபது ஆண்டில் இன்ஜின் மாற்றப்பட்டிருக்கலாம், அதனால் வண்டியின் மாடலை நம்பிப் பாகம் வாங்கக் கூடாது. ஓடாத இரண்டும் எவை என்று நீங்கள் சொல்லவில்லை. அந்த இரண்டின் தகட்டு எண்களையும், கையால் சுற்றினால் ஃப்ளைவீல் சுற்றுகிறதா இல்லையா என்பதையும் எழுதுங்கள். அதைப் பார்த்து எங்கே தொடங்குவது என்று சொல்கிறேன்.